பெட்டி காலியான மழைக்காலம்

மெட்டில்டா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பெருவிரல் நகத்தால் தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும், மீனைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான், இதற்குக் கண் தேவையில்லை, அதனால் அவள் கண்ணும் காதும் முன்னறையில் இருந்தன. முன்னறையில் அவள் மகள் ஜெனிட்டா டிவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிவிக்குள் மெட்டில்டாவின் புருஷன் தொம்மை, கப்பலின் மேல்தளத்தில், ஆள் பருமனுள்ள ஒரு குழாய்க்குப் பின்னால் பாதி முகத்தை ஒளித்துக்கொண்டு, "பாப்பா, அப்பா எங்கே?" என்று கேட்டான். ஜெனிட்டா விரலை நீட்டி, "இந்தா" என்றாள். தொம்மை குழாயை விட்டு வெளியே வந்து, "இந்தா" என்று சிரித்தான். படம் அவ்வளவுதான். முடிந்ததும் மறுபடியும் முதலில் இருந்து ஓடும், அவன் மறுபடியும் ஒளிவான், அவள் மறுபடியும் கண்டுபிடிப்பாள். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது இதுதான் நடந்தது, தெரு முழுக்க அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விளக்குப் போட்டார்கள்.

ஜெனிட்டாவுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும், வயிறு வலித்தாலும் வாய் திறக்கமாட்டாள். வயது நாலை எட்டிக்கொண்டிருந்தது. காதும் நாக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன, பேச வேண்டும் என்று அவளுக்கே தோன்றினால் பேசுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத் தோன்றியது அந்தக் குழாயிடம் மட்டும்தான்.

அன்றைக்குத் தொம்மை, "பாப்பா, அப்பா எங்" என்றதோடு நின்றுபோனான். டிவியின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. ஜெனிட்டாவின் விரல் நீட்டியபடியே இருந்தது. மெட்டில்டா மீன் கையோடு எழுந்து வந்து பார்த்தாள், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் போய்த் திரை கறுத்தது.

தொம்மையின் படங்கள் எல்லாம் இருந்தது அலமாரி மேல் இருந்த கறுப்புப் பெட்டிக்குள். சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது வாங்கி வந்தான். போன் தண்ணீரில் விழும், தொலையும், திருடு போகும், இது வீட்டிலேயே இருக்கும், நான் எந்தத் துறைமுகத்தில் இருந்து எடுத்து அனுப்பினாலும் நேராக இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்லி, வைஃபை பெட்டியோடு ஒரு ஒயரைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அதுபோலவே கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், எஞ்சின் அறை, கப்பலில் தின்ற சோறு, பார்த்த கடல் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அந்த வருஷக் கோடையில் படம் வருவது நின்றது. ஆள் கடலில் விழுந்துவிட்டான், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கம்பெனி போனில் சொன்னது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டிக்கு உப்புக்காற்று ஆகாது என்று மெட்டில்டா நூலெடுத்துப் பூப் பின்னி ஒரு உறை போட்டிருந்தாள். அந்தக் கடற்கரையில் டிவிக்கும் மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் பின்னல் உறை உண்டு, உறை போடாத சாமான் உள்ள வீட்டில் பொம்பளை சரியில்லை என்று பேசுவார்கள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் அவள் பின்னும் மயிலுக்குத் தோகைக் கண் ஒன்றுகூட மாறாது.

உறையைத் தூக்கிப் பார்த்தாள். நீலமாக எரியவேண்டிய விளக்கு மஞ்சளாக எரிந்தது. தொம்மை போனில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சுவிட்சை அணைத்து, ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லும் நேரம் பொறுத்து, மறுபடி போட்டாள். மஞ்சள். ஒயரைப் பிடுங்கி ஊதிச் சொருகினாள். மஞ்சள். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதற்குள் குத்தினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று அவன் சொல்லியிருந்தான், ஆனால் எல்லாம் என்றால் எதெல்லாம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் சேலையில் இருந்து ஊக்கைக் கழற்றி ஓட்டை வரைக்கும் கொண்டுபோய்விட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் கடக்கு, கடக்கு என்று ஒரு சத்தம் கேட்டது, பல்லி கத்துவதுபோல.

பக்கத்து வீட்டு எமரென்சியா வாசலில் வந்து நின்றாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு ஆள் போகிற சந்துதான். "ஏளா மெட்டிலு, என்ன இன்னைக்கு உன் மாப்பிள்ளை பாதியில நிறுத்திட்டான்? நான் அவன் சத்தத்தை வச்சுல்லா உலையை எறக்குவேன்."

"பெட்டி ஓடல மைனி" என்றாள் மெட்டில்டா, தரையைப் பார்த்து. அவள் யாரிடம் பேசினாலும் தரையைத்தான் பார்ப்பாள்.

"மழை வரப்போவுது, அதான். மழைன்னா எங்க வீட்டுக் கதவே ஓடாது."

டவுனில் இருந்து இசக்கிமுத்து பைக்கில் வந்தான். கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாம் பார்க்கிறவன், பொறுமைசாலி. லேப்டாப்பைத் திறந்து பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தான், பெட்டி பதில் சொல்லவில்லை. வேறு ஒயர் மாட்டினான். வேறு ஓட்டையில் சொருகினான். வைஃபை பெட்டி இவனை யாரென்றே தெரியாது என்றது. கடைசியில் பெட்டியின் முன்மூடியைத் திறந்து உள்ளே இருந்த இரண்டு டிஸ்க்கையும் உருவி, ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டான்.

"அக்கா, இதுக்கு மேல துணி போட்டது யாரு?"

"நான்தான்."

"அழகாத்தான் பின்னிருக்கீங்க." டிஸ்க்கைத் தரையில் வைத்தான். "உள்ள ரெண்டு இருக்குக்கா. ஒண்ணுல இருக்கதுதான் இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு செத்தா மத்தது தாங்கும், அதுக்குள்ள நாம புதுசு மாட்டிக்கிடணும். அதைச் சொல்லத்தான் மஞ்ச லைட்டு."

"முன்னயே எரிஞ்சுதா?"

"ரொம்ப நாளா எரிஞ்சிருக்கும். துணிக்குள்ள எரிஞ்சிருக்கும்."

அவள் கருப்பட்டிக் காபியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் இரண்டாவதை லேப்டாப்போடு சேர்த்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"இதுக்கு ஒரு கேடும் இல்லக்கா. நல்லா ஓடுது. ஆனா உள்ள ஒண்ணும் இல்ல. யாராவது அழிச்சிருந்தா தடம் கெடக்கும், கெட்டுப்போயிருந்தா குப்பையாத் தெரியும். இது கழுவிக் கவுத்துன சட்டி மாதிரி இருக்கு."

"அப்ப அதெல்லாம் எங்க போச்சு?"

"காத்துலதானக்கா வந்துச்சு எல்லாம். வந்த வழியாவே கிளம்பிருக்கும். வீடு மாறிப் போயிருக்கலாம்." அதைச் சொல்லிவிட்டு அவன் காபியைக் குடித்தான், டம்ளரை அவனே கழுவி வைத்தான், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனான்.

மழை பிடித்தது. அந்தத் தெருவில் மழை பிடித்தால் சுவரில் உப்புப் பூக்கும், எல்லா வருஷமும் பூக்கும், உப்பளத்து மண்ணை எடுத்துக் கட்டிய வீடுகள் அவை, ஈரம் ஏறினால் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு உப்பு வெள்ளையாகப் பொரிந்து வரும், பெண்கள் விளக்குமாற்றால் தட்டித் தள்ளுவார்கள், அடுத்த நாள் மறுபடி பூக்கும். அந்த வருஷம் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் தட்டப்போன அவர் பெண்சாதி விளக்குமாற்றை ஓங்கியபடியே நின்றுவிட்டாள், ஏனென்றால் பூத்திருந்த உப்பு தொம்மையும் மெட்டில்டாவுமாக இருந்தது, தொம்மை கோட்டுப் போட்டிருந்தான், மெட்டில்டா முக்காட்டுக்குள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் கழுத்திலும் மாலை இருந்தது. அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, புருஷனைக் கூப்பிட்டு, "பாருங்க, தொம்மை கலியாணம் நம்ம வீட்டுக்கு வந்துருக்கு" என்றாள். அவர் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நெய்ச்சோறு நல்லாருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் பூத்தது. தையல்காரி பிலோமி வீட்டில் தொம்மை எஞ்சின் அறை உடுப்போடு முழு உயரத்துக்கு வந்து நின்றான், அவள் தைத்த சட்டையை எல்லாம் அவன் தோளில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தாள், அந்த மழைக்காலத்தில் அவள் தைத்த சட்டை எதுவும் தோள் இறங்கவில்லை என்று பேர் வந்தது. படுக்கையில் கிடந்த வலைக்காரர் ஒருவர் வீட்டில் வெறும் கடல் மட்டும் வந்தது, அலை எழுந்து எழுந்து விழுந்தது, அவர் கட்டிலைச் சுவர் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, சாய்ந்து படுத்துக்கொண்டு, "நீரோட்டம் மேக்க இழுக்கு" என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் கப்பல் சாப்பாட்டுத் தட்டு வந்தது, கோழிக்கால் இரண்டு இருந்தது, அந்த வீட்டுக்காரன் ரசம் ஊற்றிய சோற்றை அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். கடைசி வீட்டுக்கு வந்தது, தொம்மை தவறுதலாகப் போன் கேமராவின் கண்ணாடியில் பெருவிரலை வைத்து எடுத்த படம். அந்த வீட்டுக்காரி குழாயடியில் சண்டைக்கே வந்தாள். "ஊருக்கெல்லாம் கலியாணம், கப்பலு, எங்களுக்கு மட்டும் பெருவிரலா? நாங்க என்ன மொய் வைக்காமலா போனோம்?"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டி உடைந்தது, உள்ளே இருந்தது கொட்டியது, கொட்டியது எங்காவது ஒட்டத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டார்கள். உப்பு உதிர்ந்த இடத்தில் மறுநாள் அதுவே மறுபடி பூத்தது. மெட்டில்டாவின் வீட்டில் மட்டும் ஒன்றும் பூக்கவில்லை, தொம்மை கடைசியாக வந்தபோது அவள் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் உப்புத் தாங்கும் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான்.

"வந்து பாரேன் மெட்டிலு" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவள் அடுத்தவர் வீட்டு நடையைத் தாண்டியதில்லை, எமரென்சியா வீட்டில்கூட வாசலோடு சரி. ஆனால் அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. கல்யாணம் வேண்டாம், கப்பல் வேண்டாம், பெருவிரலும் வேண்டாம். குழாய்க்குப் பின்னால் ஒளிகிற தொம்மை எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறான் என்று தெரிந்தால் பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம். ஜெனிட்டா முதலில் கறுத்த திரைக்கு முன்னால் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு உட்காருவதையும் விட்டுவிட்டாள். இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது. மழையில் ஓடிப்போய்ச் சந்தில் நிற்பாள், எமரென்சியா வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கூரைத் தண்ணீர் முதுகில் விழுவது தெரியாமல் நிற்பாள். "சளி பிடிக்கும்ட்டி" என்று மெட்டில்டா கூரைத் தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டே தூக்கிக்கொண்டு வருவாள். மறுபடியும் ஓடுவாள். தண்ணீரில் விளையாடப் போகிறாள் என்று மெட்டில்டா சந்துக் கதவுக்குக் கயிறு போட்டுக் கட்டினாள்.

ஒருநாள் நெத்திலியைப் பொரித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்டுவிடுவது என்று இறங்கினாள். பிலோமி வீட்டு வாசலில் நின்றாள். "என்னம்மா?" என்றாள் பிலோமி. உங்க வீட்டுச் சுவர் பேசுதா என்று கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். "சும்மாதான், மீன் இருந்துச்சு" என்று கிண்ணத்தை நீட்டினாள். சைக்கிள் கடை வீட்டிலும் அதையே சொன்னாள். மூன்றாவது வீட்டுக்கு மீன் இல்லை, அதனால் திரும்பிவிட்டாள்.

இதற்கிடையில் கேரம் கிளப்புச் சுவரில் ஒன்று பூத்தது. ஜெனிட்டா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தொம்மை எடுத்தது, மெட்டில்டா வேர்வையும் கலைந்த தலையுமாகப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையன்கள் அதைப் பார்த்ததும் கேரம் போர்டைத் தூக்கி அதன்மேல் சாய்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதோடு அந்த மழைக்காலம் முழுக்க ஒருவனும் ஆடவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாதல்லவா, ஒருவன் அம்மாவிடம் சொன்னான், அம்மா குழாயடியில் சொன்னாள், குழாயடியில் குடத்தோடு நின்ற மெட்டில்டாவின் காதில் விழுந்தது. பாதிக் குடத்தோடு அவள் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவளைத் தெருவில் பார்க்க முடியவில்லை.

குருசடியில் சிலுவைக்கு முன்னால் தெருக்காரர்கள் கூடினார்கள். ஊர்க் கமிட்டி சந்தியாகு பேசினார். "நம்ம தெருவுல அடுத்தவன் வீட்டுச் சட்டியைத் தொறந்து பாக்குற பழக்கம் கெடையாது. அந்தப் பிள்ளை வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள கெடக்கு. புருஷனும் பொஞ்சாதியும் தங்களுக்குன்னு வச்சிருந்தது அது. நம்ம செவுத்துல வந்து விழுந்துட்டுன்னு நாம அதைத் திங்கலாமா?" எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். கோழிக்கால் வீட்டுக்காரன் இருமினான். அன்றைக்கே மூடினார்கள். காலண்டர் மாட்டினார்கள், அலமாரியை நகர்த்தினார்கள், பாயைத் தொங்கவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவர் மட்டும் அழுதார், கடலை விடச்சொல்லிக் கெஞ்சினார், அவருக்கும் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்டார்கள்.

மூடினால் போதாது, வெள்ளையடிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் பண்டிகைக்கு முன்னால் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம். ஆனால் அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. தெருவில் அந்த வருஷம் ஒரு சாவு விழுந்திருந்தால் ஒரு வீட்டிலும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைத் தொடமாட்டார்கள், பழைய சுவரோடுதான் பண்டிகை. சாவு வீட்டுக்காரர் சொல்லாமல் அதை மீறமாட்டார்கள். ஆக, தொம்மை வீடு சாவு வீடா இல்லையா என்று தெரிய வேண்டியிருந்தது. கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் பூசையில் தொம்மைக்காக என்று மட்டும் சொல்வார், ஆத்துமத்துக்காக என்றும் சொல்லமாட்டார், சுகத்துக்காக என்றும் சொல்லமாட்டார்.

சந்தியாகு நாலு பேரோடு மெட்டில்டா வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, ஆம்பிளை இல்லாத வீடு. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள், சேலை விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"யம்மா, வெள்ளையடிக்கலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ அடிங்கன்னா அடிக்கோம். வேண்டாம்னா வேண்டாம். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கதவுக்குப் பின்னால் மெட்டில்டா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். அடித்தால் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவன் எந்தச் சுவரில் இருந்தாலும் போய்விடுவான். இன்னும் கொஞ்சநாள் பொறுங்கள், ஒரு சுவர் பேசும், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் அடிக்காதீர்கள் என்ற சொல்லுக்கு இந்தத் தெருவில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அதைச் சொன்னால் நாளைக்கே பெண்கள் வந்து அவள் கம்மலைக் கழற்றுவார்கள், சாமியார் ஆத்துமத்துக்காக என்று சொல்லிவிடுவார், கம்பெனி தேடினாலும் கடலே தேடினாலும் தொம்மைக்குத் திரும்பி வர வீடு இருக்காது. வாசலில் நாலு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெனிட்டா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்க மாமா" என்றாள் மெட்டில்டா.

வெளியே நின்றவர்களுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, தைரியமான பிள்ளை" என்று சந்தியாகு சொல்லிக்கொண்டே போனது கேட்டது. "தொம்மை வந்துருவான்வே. பொஞ்சாதி வாயால வந்துட்டுல்லா."

அந்த வருஷம் அடித்ததுபோல அந்தத் தெருவில் என்றைக்கும் வெள்ளையடித்ததில்லை. உப்புத் திரும்பப் பூக்காமல் இருக்கச் சுண்ணாம்பில் பிசின் கலந்தார்கள், அதற்கும் மேல் கடுக்காய்த் தண்ணீர் கலந்தார்கள், நீலம் போட்டார்கள். ஆண்கள் ஏணியில் நின்று அடித்தார்கள், பெண்கள் கீழே நின்று மட்டையை நனைத்துக் கொடுத்தார்கள், கேரம் கிளப்புப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு போர்டை விலக்கி, கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சுவரை அடித்தார்கள், அதனால் தரையெல்லாம் சுண்ணாம்பானது. ஒருதரம் அடித்துக் காய்ந்ததும் மறுதரம் அடித்தார்கள். அடிக்கும்போது பாடினார்கள். மழையும் அவர்களுக்கு வழிவிட்டதுபோல நின்றது. தொம்மை கோட்டோடு போனான், எஞ்சின் உடுப்போடு போனான், கடல் ஒரு ஓரத்தில் இருந்து அடங்கிக்கொண்டே வந்து கடைசி அலையோடு வெளுத்தது, பெருவிரல்கூடப் போனது. பெருவிரல் வீட்டுக்காரி அன்றைக்குப் பூராவும் யாரோடும் பேசவில்லை. தெரு மணமகள்போல நின்றது, மெட்டில்டாவுக்காக அடித்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியாக அடித்தது எமரென்சியா வீடு. அவள் புருஷன் கஸ்பார் ஹார்பரில் லோடு வேலைக்குப் போய்விட்டு வந்துதான் அடிக்க முடிந்தது. அடித்து முடித்துக் கை கழுவிவிட்டு, எமரென்சியா ஒரு தட்டில் கொழுக்கட்டையோடு மெட்டில்டா வாசலுக்கு வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுட்டு. இனி நீ தைரியமாத் தெருவுல நட. எங்க வீட்டுலதான் ஒண்ணுமே வரலியேன்னு எனக்கு ஒரு கொறை இருந்துச்சு, கேட்டியா. இன்னைக்கு அடிக்கிறதுக்காவ பீரோவை நகத்துனா, பின்னால இருக்கான் உன் மாப்பிள்ளை, கொழாய்க்குப் பின்னால நிக்கான், பேசுதான்."

மெட்டில்டா தட்டை வாங்கவில்லை.

"அந்தச் சத்தம் மழைக்காலம் பூராவும் கேட்டுட்டேதான் இருந்துச்சு. எப்பவும் கேக்குற சத்தம்தான, உங்க வீட்டு டிவி சரியாயிட்டுன்னுல்லா நெனச்சேன். அதை வச்சுத்தான் தெனமும் உலையை எறக்குனேன்." எமரென்சியா சிரித்தாள். "அவரு அடிக்க மாட்டேன்னாரு, பாவம் பேசிட்டிருக்கான்னாரு. நான்தான் சொன்னேன், எல்லா வீட்டுலயும் அடிச்சுட்டு நம்ம வீட்டுல மட்டும் வச்சுக்கிட்டா மெட்டிலு என்ன நெனைப்பான்னு. நாலு தரம் அடிச்சோம். என்னளா, எங்க போற?"

மெட்டில்டா ஜெனிட்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டி, எமரென்சியா வீட்டு நடையைத் தாண்டி, முதல் அறையைத் தாண்டிப் போனாள், போகும்போது யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, முந்தானை எங்கேயோ விழுந்து கிடந்தது. பீரோ நடு அறையில் நின்றது. சுவர் ஈரமாக, நீலம் பாய்ந்து, பளிச்சென்று இருந்தது. பிள்ளையை இறக்கிவிட்டு, மண்டியிட்டு, காதைச் சுண்ணாம்பில் வைத்தாள்.

வெகு தூரத்தில், கிணற்றுக்கு அடியில் இருந்து வருவதுபோல, "பாப்பா, அப்பா எங்" என்றது. நின்றது. மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியது. "பாப்பா, அப்பா." அடுத்தது அதைவிடச் சின்னதாக வந்தது, சுண்ணாம்பு உள்ளே காயக் காய ஒவ்வொரு தடவையும் அவன் குழாய்க்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டிருந்தான். மெட்டில்டா நகத்தால் சுரண்டினாள். பிசின் கலந்த சுண்ணாம்பு, வரவில்லை. பெருவிரல் நகத்தால், நெத்திலித் தலையைக் கிள்ளுகிற அதே நகத்தால் கிள்ளிப் பார்த்தாள், ஒரு பொட்டளவு பெயர்ந்தது, உள்ளே மூன்றாவது பூச்சு இருந்தது. ஜெனிட்டா வந்து அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவளைப்போலவே காதை வைத்தாள். சுவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மூச்சுபோல, "பாப்" என்றது. ஜெனிட்டாவின் மடங்கிக் கிடந்த விரல் மெல்ல நிமிர்ந்து சுவரைத் தொட்டது.

"ஏளா மெட்டிலு" என்று எமரென்சியா வாசலில் இருந்து கூப்பிட்டாள், "தண்ணி லாரி வந்துட்டு, குடத்தைத் தூக்கிட்டு ஓடியா, இதை விட்டா பண்டிகை கழிஞ்சுதான்", தெருவெல்லாம் குடம் உருளுகிற சத்தம் கேட்டது, "உன் குடத்தை நான் வரிசையில போட்டுருக்கேன், ஆளு வந்து நில்லு, எடுத்து எறிஞ்சுருவாளுவ", மெட்டில்டா "வாரேன் மைனி" என்று எழுந்து, சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்து, ஒரு காலை நடைக்கு வெளியே வைத்து, திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் உதடு விரிந்துகொண்டிருந்தது, சுவருக்குள் இருந்து இன்னும் ஒருதரம் வருமா, வந்தால் அவள் அதற்கு "இந்"